சிவப்புத் தொப்பியும் நகரத்தின் அச்சமும்

1979 பிப்ரவரி 13 அன்று நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில், பதின்மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழு சுரங்க ரயிலில் ரோந்து போகத் தொடங்கியது. அவர்களிடம் ஆயுதமும் இல்லை, அரசு ஆணையும் இல்லை. யாரும் சம்பளம் கொடுக்கவும் இல்லை. குழுவைத் திரட்டியவர் ஃபோர்டாம் சாலையிலிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையில் இரவு நேர மேலாளராக வேலை பார்த்த கர்ட்டிஸ் ஸ்லீவா. அப்போது அவருக்கு வயது 24. அவர்கள் தேர்ந்தெடுத்தது நான்காம் எண் தடத்தை. வழிப்பறிக்காரர்களின் எக்ஸ்பிரஸ் என்று கெட்ட பெயர் வாங்கியிருந்த தடம் அது. விரைவிலேயே இந்தக் குழு கார்டியன் ஏஞ்சல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, சிவப்புத் தொப்பியும் வெள்ளைப் பனியனுமாக நகரம் முழுக்கப் பரவியது. சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க நகரங்களில் அதற்குக் கிளைகள் இருந்தன. 1989இல் லண்டனிலும் ஒரு கிளை தொடங்கப்பட்டது. இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். அரசு கைவிட்ட நகரத்தை மக்களே மீட்டார்கள் என்பது ஒரு கட்சி. சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்ட விளம்பரப் பிரியர்கள் என்பது மறு கட்சி. இரு தரப்பும் ரோந்தைக் குற்றத்தோடு மட்டுமே பொருத்திப் பார்க்கின்றன. அந்த இளைஞர்கள் அன்றாடம் கையாண்டது குற்றத்தைக் காட்டிலும் குற்றத்தைப் பற்றிய அச்சத்தையே. அச்சத்தைத் தணிப்பது நகர வாழ்வுக்கு உண்மையான தொண்டு. ஆனால் அச்சத்தில் பிறந்த ஓர் அமைப்பு, நாளடைவில் அந்த அச்சம் நீடிப்பதையே தன் பிழைப்பாக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நியூயார்க்கின் நாற்பது ஆண்டுக் கதையைப் பார்த்தால் இந்த இரண்டும் ஒரே அமைப்புக்குள் எப்படி வளர்ந்தன என்பது தெளிவாகும்.

முதலில், அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1975இல் நியூயார்க் மாநகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்தது. கடன் கொடுத்துவந்த வங்கிகள் கையை விரித்தன. செலவைக் குறைத்தே ஆக வேண்டிய நெருக்கடியில் அந்த ஆண்டு ஜூலை தொடக்கத்தில் சுமார் 5,000 காவலர்களுக்கு வேலை போனது. ஒரு பகுதியினர் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டாலும் அந்த அடியின் காயம் ஆறவில்லை. ஆட்குறைப்பு அறிவிப்பு வந்தவுடன், காவலர் சங்கங்களும் தீயணைப்பு வீரர் சங்கங்களும் சேர்ந்து ஒரு துண்டறிக்கையை அச்சிட்டன. 'அச்ச நகரத்துக்கு நல்வரவு' என்பது அதன் தலைப்பு. அட்டையில் மண்டை ஓடு. மாலை ஆறு மணிக்கு மேல் தெருவில் நடமாட வேண்டாம், சுரங்க ரயிலில் ஏறவே வேண்டாம், மான்ஹாட்டனை விட்டு வெளியே போக வேண்டாம் என்று சுற்றுலாப் பயணிகளுக்கு அது அறிவுரை சொன்னது. மக்களுக்குத் துணிச்சல் தர வேண்டியவர்களே, தங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, பயத்தைப் பரப்பும் வேலையைச் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1977 ஜூலை 13 இரவு நகரம் முழுக்க மின்சாரம் நின்றது. கடைகள் சூறையாடப்பட்டன, 3,000க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். பிராங்க்ஸில் தெருத்தெருவாகக் கட்டடங்கள் எரிந்துகொண்டிருந்த காலமும் அதுதான். எந்தத் தெருவில் யாரை அழைத்தால் யார் வருவார்கள் என்ற நம்பிக்கை மக்களிடம் அறுந்துபோயிருந்தது. அந்த நம்பிக்கையின்மைதான் தன்னார்வ ரோந்துக்கு விளைநிலம்.

அந்த அச்சம் வெறும் கற்பனை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நகரத்தில் 1970களின் இறுதியில் ஆண்டுக்கு 1,500க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. 1990இல் அந்த எண்ணிக்கை 2,245ஐத் தொட்டது. ஆனால் அச்சம் எங்கே குவிந்தது, குற்றம் எங்கே குவிந்தது என்று தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. கொலைகள் உச்சத்தில் இருந்த அதே 1990இல் சுரங்க ரயில் அமைப்பில் நடந்தவை 26. நகரத்தின் மொத்தக் கொலைகளில் இது ஏறக்குறைய நூற்றில் ஒன்று. அந்த ஆண்டு சுரங்க ரயிலில் நடந்ததோ சுமார் 100 கோடிப் பயணங்கள். வீட்டிலும் தெருமுனையிலும் மதுக்கடை வாசலிலும் நடந்த வன்முறையோடு ஒப்பிட்டால் ரயில் பெட்டி அப்படியொன்றும் கொடிய இடமாக இருக்கவில்லை. இருந்தும் நகரத்தின் பயம் முழுவதும் அங்கேதான் குடிகொண்டிருந்தது. காரணம் புரியாததல்ல. கதவு மூடிக்கொண்டால் அடுத்த நிலையம் வரை வெளியேற வழியில்லை. எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாது. பெட்டி முழுக்கக் கிறுக்கல், பாதி விளக்குகள் எரிவதில்லை. 1979இல் சமூகவியலாளர் நேதன் கிளேசர் இதை ஒரு கட்டுரையில் விளக்கினார். ரயில் கிறுக்கல்களால் யாருக்கும் காயம் ஏற்படுவதில்லை. ஆனால் இந்தச் சுவரைக்கூடக் காப்பாற்ற முடியாத அரசு என்னை எப்படிக் காப்பாற்றும் என்ற கேள்வி பயணியின் மனதில் எழுகிறது என்பது அவர் வாதம். அதே பிப்ரவரியில், ரோந்து தொடங்குவதற்கு நான்கு நாள் முன்னால், 'தி வாரியர்ஸ்' என்ற திரைப்படம் வெளியானது. இரவுநேரச் சுரங்க ரயில் ரவுடிக் கும்பல்களின் ராஜ்ஜியம் என்ற சித்திரத்தை அது நாடு முழுவதும் கொண்டுபோனது. பத்திரிகைகளின் பங்கும் இதில் உண்டு. 1964இல் குயின்ஸ் பகுதியில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று அதே நாளிதழ் ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டு ஆயிற்று. இடைப்பட்ட காலம் முழுவதும், நகரத்தில் உதவிக்கு யாரும் வர மாட்டார்கள் என்பதற்கான சான்றாக அந்த 38 என்ற எண் பாடப்புத்தகங்களில்கூட நின்றது.

குடிமக்கள் தாமே காவல் காப்பது நியூயார்க் கண்டுபிடித்த ஒன்றல்ல. இங்கிலாந்தில் 1285ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம் ஊர்மக்களே இரவுக்காவல் நிற்க வேண்டும், கூக்குரல் கேட்டால் எல்லோரும் துரத்த வேண்டும் என்று விதித்தது. சம்பளம் பெறும் சீருடைக் காவலர் என்ற ஏற்பாடு மிகப் பிந்தியது. லண்டனுக்கு அது 1829இல் வந்தது, நியூயார்க்குக்கு 1845இல். ஆகவே குடிமக்கள் ரோந்தைச் சட்டத்துக்குப் புறம்பான புதுமை என்று ஒதுக்குவது வரலாற்றை மறப்பதாகும். ஆனால் அதே வரலாற்றில் இன்னொரு கிளையும் உண்டு. 1851இலும் 1856இலும் சான் பிரான்சிஸ்கோவின் வணிகர்கள் கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். தாங்களே விசாரித்து, தாங்களே தூக்கிலிட்டார்கள். இரண்டு கிளைகளையும் பிரிக்கும் கோடு எளிமையானது: முதலாவது சட்டம் சுமத்திய கடமை, அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடமும் உண்டு, இரண்டாவது தானே எடுத்துக்கொண்ட அதிகாரம், கேட்பார் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நியூயார்க் வட்டார ரோந்துகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றன. 1964இல் புரூக்ளினின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் ஹசீதிய யூதர்கள் ரபி சாமுவேல் ஷ்ராகே தலைமையில் மக்கபீஸ் என்ற இரவு ரோந்தைத் தொடங்கினார்கள். வானொலித் தொடர்பு உள்ள கார்களில் சுற்றி, சந்தேகம் வந்தால் காவல் துறைக்குத் தகவல் சொன்னார்கள். 1967இல், பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியின் நூவர்க் நகரில் நடந்த கலவரத்தின்போது அந்தோணி இம்பீரியாலே என்பவர் வெள்ளையர் பகுதியில் திரட்டிய ரோந்து வெளிப்படையாகவே கறுப்பினத்தவரை எதிரியாகப் பார்த்தது. ஒவ்வொரு ரோந்தும் யாரைக் காக்கிறோம் என்று சொல்லும்போதே யாரிடமிருந்து என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. தொடக்க காலக் கார்டியன் ஏஞ்சல்ஸின் தனிச்சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலானோர் கறுப்பின இளைஞர்களும் ஸ்பானிய வம்சாவளி இளைஞர்களும். எந்த முகத்தைப் பார்த்ததும் பயணிகள் பையை இறுக்கிப் பிடித்தார்களோ, அந்த முகமே காவலாக எதிரில் நின்றது.

அந்த இளைஞர்களின் ஒழுங்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ரோந்துக்குக் கிளம்பும் முன் ஒருவரை ஒருவர் சோதித்துக்கொள்வார்கள். ஆயுதமோ போதைப்பொருளோ இருந்தால் அனுமதி கிடையாது. தற்காப்புப் பயிற்சி கட்டாயம். கண்முன் குற்றம் நடந்தால் எந்தக் குடிமகனுக்கும் சட்டம் தரும் கைது உரிமையை மட்டுமே அவர்கள் கோரினார்கள். மேயர் எட் காட்ச் முதலில் கடுமையாக எதிர்த்தார். காவலர் சங்கங்கள், வேலை இழந்த தங்கள் தோழர்களின் இடத்தில் கூலியில்லாத ஆட்கள் நிற்பதைப் பொறுக்கவில்லை. மாநிலத் துணை ஆளுநராக இருந்த மாரியோ கூமோ வெளிப்படையாக ஆதரித்தார். பயணிகளின் வரவேற்பைக் கண்ட காட்ச் பின்னர் இறங்கி வந்தார். 1981இல் நகர நிர்வாகத்துக்கும் அமைப்புக்கும் உடன்பாடு ஏற்பட்டு, உறுப்பினர்களுக்கு அடையாள அட்டை தரப்பட்டது. அந்த ஆண்டின் கடைசி நாட்களில் நூவர்க்கில் ரோந்து உறுப்பினர் ஒருவர் காவலரின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். காவல் பணியை எடுத்துக்கொண்ட இளைஞனைச் சீருடைக்காரர் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த உயிர் விலையாயிற்று. ஏழைத் தெருக்களின் பிள்ளைகளுக்கு ஒரு தொப்பியும், ஒரு பொறுப்பும், வழியில் போகிறவர் சொல்லும் ஒரு நன்றியும் கிடைத்தன. நகர நிர்வாகம் எதையுமே தராத தலைமுறைக்கு அது சின்ன விஷயமல்ல.

இனி அடிப்படைக் கேள்வி: இவர்களால் குற்றம் குறைந்ததா? இதை ஆராய்ந்தவர்களின் பதில் பெரும்பாலும் ஏமாற்றமே தருகிறது. குற்றவியல் ஆய்வாளர் டென்னிஸ் கென்னி நியூயார்க் சுரங்க ரயில்களில் ஆய்வு செய்து 1980களின் நடுவில் வெளியிட்ட முடிவுகள், அங்கே குற்றம் பயணிகள் நினைத்ததைவிட மிகக் குறைவாகவே இருந்ததைக் காட்டின. அவ்வளவு குறைவான நிகழ்வுகளில் ரோந்தின் விளைவைப் பிரித்து அளப்பதே கடினமாக இருந்தது. சான் டியாகோவில் அமெரிக்க நீதித்துறையின் ஆய்வு நிறுவன ஆதரவோடு நடந்த மதிப்பீடு இன்னும் தெளிவானது. கார்டியன் ஏஞ்சல்ஸ் ரோந்து போன பகுதியில் கடும் வன்முறைக் குற்றங்கள் 22 சதவீதம் குறைந்தன. அவர்கள் கால் வைக்காத ஒப்பீட்டுப் பகுதியில் 42 சதவீதம் குறைந்தன. அதாவது, முதல் எண்ணை மட்டும் மேடையில் சொன்னால் வெற்றி, இரண்டையும் சேர்த்துச் சொன்னால் வேறு கதை. சொத்து தொடர்பான குற்றங்களில் ரோந்துப் பகுதி சற்று மேலாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் வன்முறைக்கு அஞ்சித்தான் மக்கள் இவர்களை வரவேற்றார்கள். அங்கே கை கொடுத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதே ஆய்வில், ரோந்து நடப்பதை அறிந்த மக்களில் பலர், முன்பைவிடப் பாதுகாப்பாக உணர்வதாகச் சொன்னார்கள். குற்ற அளவில் புலப்படாத மாற்றம் மன அளவில் புலப்பட்டது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். பாதுகாப்பாக உணர்வது தன்னளவிலேயே ஒரு நன்மை அல்லவா? இரவு வேலை முடித்துத் திரும்பும் செவிலியர் பயமில்லாமல் ரயில் ஏறினால், அந்த நிம்மதிக்குப் புள்ளிவிவரச் சான்று எதற்கு? இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. நூவர்க்கில் காவலர்களைக் காரிலிருந்து இறக்கி நடைரோந்தாக அனுப்பிப் பார்த்த சோதனையின் முடிவு 1981இல் வெளியானது. குற்றம் குறையவில்லை, ஆனால் அந்தத் தெருக்களில் வசித்தவர்கள் பாதுகாப்பாக உணர்ந்தார்கள், காவல் துறையைப் பற்றிய அவர்கள் மதிப்பும் உயர்ந்தது. அடுத்த ஆண்டு ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் எழுதிய புகழ்பெற்ற 'உடைந்த ஜன்னல்கள்' கட்டுரை இந்தச் சோதனையிலிருந்தே தொடங்குகிறது. கார்டியன் ஏஞ்சல்ஸையும் அது குறிப்பிடுகிறது. பயம் நகரத்தைக் காலி செய்யும் என்பதும் உண்மை. பயந்தவர்கள் வீட்டுக்குள் முடங்கினால் தெரு வெறிச்சோடும். வெறிச்சோடிய தெருவில் குற்றம் செய்வது எளிது. எனவே அச்சத்தைத் தணிப்பதை அற்பமான வேலை என்று ஒதுக்க முடியாது. ஆனால் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டவுடன் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. யாருடைய நிம்மதி, யாருடைய சங்கடத்தில் வாங்கப்படுகிறது? அந்த நிம்மதியைத் தருகிறவருக்கு, மக்கள் நிரந்தரமாக நிம்மதி அடைந்துவிட்டால் என்ன மிஞ்சும்?

முதல் கேள்விக்கு 1984 டிசம்பர் 22 விடை தந்தது. அன்று பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்ற வெள்ளையர், தன்னிடம் பணம் கேட்ட நான்கு கறுப்பின இளைஞர்களைச் சுரங்க ரயிலில் சுட்டார். ஒருவர் வாழ்நாள் முழுக்க நடக்க முடியாமல் போனார். தொடக்கத்தில் நகரத்தின் பெரும்பகுதி கெட்ஸைப் பாராட்டியது. அவருடைய வழக்குச் செலவுக்கு ரயில் பயணிகளிடம் நிதி திரட்டியவர்களில் கார்டியன் ஏஞ்சல்ஸும் இருந்தார்கள். ஆயுதம் ஏந்தக் கூடாது என்பதையே அடையாளமாகக் கொண்ட அமைப்பு, ஆயுதத்தால் நால்வரைச் சாய்த்தவருக்காக உண்டியல் ஏந்தியது. சுடப்பட்டவர்களின் வயதும் நிறமும் தங்கள் உறுப்பினர்களின் வயதும் நிறமும்தான் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. அச்சத்தின் பக்கம் நின்று பழகிய அமைப்பு, அச்சம் சுட்டிக்காட்டிய திசையிலேயே போயிற்று. இதன் நீட்சியை அமெரிக்கா பலமுறை கண்டுவிட்டது. 2012இல் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில் குடியிருப்புக் கண்காணிப்புத் தன்னார்வலர் ஒருவர், கடைக்குப் போய்த் திரும்பிய பதினேழு வயது ட்ரேவான் மார்ட்டினைச் சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்து சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு விடுதலையும் ஆனார். தெருவில் கண்காணிப்பு கூடியதால் பலருக்கு நிம்மதி கிடைத்திருக்கலாம். அந்தக் கண்காணிப்பின் இலக்காக வளரும் பிள்ளைகளின் நிம்மதியை எந்தக் கருத்துக்கணிப்பும் அளப்பதில்லை.

இரண்டாம் கேள்விக்கு ஸ்லீவாவே பதில் சொன்னார். 1992இல், அமைப்பின் தொடக்க ஆண்டுகளில் புகழ் தேடித்தந்த ஆறு சம்பவங்கள் ஜோடிக்கப்பட்டவை என்று அவர் ஒப்புக்கொண்டார். தன்னை ரயில்வே காவலர்கள் கடத்திப்போனதாக 1980இல் அவர் சொன்ன கதையும் அதில் அடக்கம். இதை ஒரு தனிமனிதரின் குணக்கேடு என்று முடித்துவிட்டால் பாடம் கைநழுவிவிடும். வெற்றிகரமான ரோந்தின் இலக்கணமே எதுவும் நடக்காமல் இருப்பதுதான். எதுவும் நடக்காத இரவு செய்தியாகாது. செய்தி வராவிட்டால் புதிய ஆட்கள் சேர மாட்டார்கள், நன்கொடை வராது, மேயர் மதிக்க மாட்டார். காவல் துறைக்கு வரிப்பணம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. தன்னார்வ அமைப்புக்கு மக்களின் கவனம் ஒன்றுதான் மூலதனம். ஆபத்து இருப்பதாகத் தொடர்ந்து நம்பவைத்தால் மட்டுமே அந்த மூலதனம் கரையாது. ஆள் மாறினாலும் இந்த நெருக்கடி மாறாது. காவலர் சங்கங்கள் 1975இல் மண்டை ஓட்டுத் துண்டறிக்கை அச்சிட்டதும் இதே தர்க்கத்தில்தான் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இந்த வாதத்தைப் பின்வந்த காலம் சோதித்துப் பார்த்தது. 1990களிலிருந்து நியூயார்க்கில் குற்றம் சரிந்தது. 2,245ஆக இருந்த ஆண்டுக் கொலைகள் 2017இல் 300க்கும் கீழே வந்தன. நாடு முழுவதிலும் வன்முறைக் குற்ற விகிதம் 1993க்கும் 2022க்கும் இடையில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அச்சமும் சேர்ந்து குறைந்திருக்க வேண்டும். ஆனால் 1993 முதல் 2023 வரை கேலப் நிறுவனம் நடத்திய 27 கருத்துக்கணிப்புகளில் 23இல், குறைந்தது 60 சதவீத அமெரிக்கர்கள், சென்ற ஆண்டைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டதாகவே சொன்னார்கள். தங்கள் சொந்த வட்டாரத்தைப் பற்றிக் கேட்டால் அவ்வளவு பேர் அப்படிச் சொல்வதில்லை. கண்ணால் பார்க்கும் தெருவைவிடத் திரையில் பார்க்கும் நாடு பயங்கரமாகத் தெரிகிறது. அந்தத் திரையை அச்சத்தின் வியாபாரிகள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். 2024 பிப்ரவரியில் டைம்ஸ் சதுக்கத்திலிருந்து ஸ்லீவா தொலைக்காட்சி நேரலையில் பேசிக்கொண்டிருந்தபோதே, அவருடைய ஆட்கள் ஒருவரைப் பிடித்துத் தரையில் அழுத்தினார்கள். கடையில் திருடிய குடியேறி என்று அவரைப் பற்றி நாட்டுக்குச் சொல்லப்பட்டது. அவர் பிராங்க்ஸ்வாசி என்று காவல் துறை பிறகு தெரிவித்தது. பிராங்க்ஸ் இளைஞர்களின் அமைப்பாகத் தொடங்கியது, பிராங்க்ஸ்காரர் ஒருவரை நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்நியராக்கி நிறுத்தியது. 1979இல் அச்சத்தின் முகத்தை மாற்றிக்காட்டிய அமைப்பு, அச்சத்துக்குப் புது முகம் தேடித்தரும் அமைப்பாகிவிட்டது.

அப்படியானால் மக்கள் கையைக் கட்டிக்கொண்டு காவல் நிலையத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டுமா என்று கேட்கலாம். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதில் காவல் துறைக்கும் நீண்ட வரலாறு உண்டே என்றும் கேட்கலாம். இரண்டும் சரியான கேள்விகள். குடிமக்களின் முயற்சிக்குப் பயனே இல்லை என்று நான் வாதிடவில்லை. பயன் எங்கே விளைகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சமூகவியலாளர் பேட்ரிக் ஷார்கியும் சக ஆய்வாளர்களும் 264 அமெரிக்க நகரங்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலான தரவுகளோடு ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு இதற்கு வழிகாட்டுகிறது. ஒரு லட்சம் பேருக்கு, வட்டார நலனுக்காக உழைக்கும் பத்து அமைப்புகள் கூடியபோது, கொலை விகிதம் 9 சதவீதமும் வன்முறைக் குற்றம் 6 சதவீதமும் குறைந்தன. போதைப் பழக்கத்திலிருந்து மீட்பது, இளைஞர்களுக்குத் தொழில் கற்பிப்பது, பூங்காவைச் சீராக்குவது, கைவிடப்பட்ட மனைகளைச் சுத்தம் செய்வது என்று சத்தமில்லாமல் வேலை செய்த அமைப்புகள் அவை. ஸ்லீவாவும் ரோந்துக்கு முன்னால் ராக் பிரிகேட் என்ற பெயரில், பிராங்க்ஸ் தெருக்களில் குப்பை அள்ளும் ஒரு குழுவைத்தான் நடத்தினார். ஆய்வின் வெளிச்சத்தில் பார்த்தால், நகரத்துக்கு நீண்டகால நன்மை தந்திருக்கக்கூடியது அந்த வேலை. உலகம் கவனித்ததோ தொப்பியை.

குடிமக்கள் ரோந்தை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. அதை அளக்கும் கோலை மாற்ற வேண்டும். யார் பதில் சொல்வார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்: தவறு நடந்தால் புகார் கொடுக்க ஓர் இடமும், நீக்கும் அதிகாரமுள்ள ஒரு கையும் இல்லாத ரோந்துக்கு, அது எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும், தெருவை ஒப்படைக்கக் கூடாது. அடுத்து, எத்தனை பேரைப் பிடித்தார்கள் என்ற கணக்கை விட்டுவிட்டு, அந்த வட்டாரத்தின் இளைஞர்களே அவர்களை நம்புகிறார்களா என்று கேட்க வேண்டும். காவலுக்கு ஆளாகிறவர்களின் சம்மதமே காவலின் உரைகல். கடைசியாக, அச்சத்தைப் பற்றிப் பேசும் எவரும், காவலர் சங்கமோ, தொலைக்காட்சியோ, அரசியல்வாதியோ, தன்னார்வலரோ, குற்றத்தின் உண்மை அளவையும் கூடவே சொல்லியாக வேண்டும் என்ற ஒழுங்கை மக்கள் வற்புறுத்த வேண்டும். 1979இல் நியூயார்க் பயணிகளுக்கு மிகவும் தேவைப்பட்டது, இந்தப் பெட்டியில் நான் தனியாக இல்லை என்ற உறுதி. அதைத் தர அரசு தவறியது. பதின்மூன்று இளைஞர்கள் தர முன்வந்தார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியது. ஆனால் அந்த உறுதியைத் தர வேண்டிய கடன் அரசின் தோளிலிருந்து இறங்கிவிடவில்லை. அந்தக் கடனை நினைவூட்டி, அதை வசூலிக்க மக்களைத் திரட்டும் தன்னார்வம் நகரத்தைக் காக்கும்; அதை மறக்கச் செய்து தானே நிரந்தரக் காவலாக நிற்க விரும்பும் தன்னார்வம் அச்சத்தை மட்டுமே காக்கும்.